பழவேற்காட்டுக் குப்பங்களில் கோழி வளர்ப்பும் ஸால்மொனெல்லா நோய்த் தடுப்பும்

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தின் கீழ்க்கோடியில் பரந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரி, நமது நாட்டின் உப்பங்கழிகளுள் சிலிக்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திர எல்லைக்குள்ளும், தென்பகுதி நமது எல்லைக்குள்ளும் அமைந்துள்ளது. இதன் கரைக் குப்பங்களில் வாழும் மீனவர்களுள் பலர், ‘பாடு’ எனப்படும் பழைய முறைப்படி, தமக்குரிய முறை வரும் நாளில் மட்டுமே வலை கட்டுவர். முறையில்லாத நாட்களிலும், முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன் குறைந்துவிடும் காலங்களிலும், வீட்டுச் செலவைச் சமாளிக்கக் கொல்லையில் மேயும் நாலைந்து கோழிகள் பெருந்துணையாகின்றன. ஆகையால் ஒரு பருவத்துக் குஞ்சுகள் யாவும் கழிச்சலில் மடியுமாயின், அது அற்ப நஷ்டம் என்று தள்ளிவிடக்கூடியதன்று.

உள்நாட்டுக் குடியானவர்களுக்கும் இவ்விஷயத்தில் சம்பந்தம் உண்டு. கடற்கரை மணலில் உலர்த்தப்படும் மலிவான கருவாடு கோழித் தீவனமாக உள்நாட்டுக்குச் செல்லுகிறது. பொரிப்பகத்துக் குஞ்சுகள் உள்நாட்டிலிருந்து குப்பங்களுக்கு வருகின்றன. பண்டம் போகும் வழியிலேயே கிருமியும் போய்வருகிறது.

நோயின் இயல்பு

ஸால்மொனெல்லா என்பது குடலில் வாழும் ஒரு கிருமிக் குடும்பம். 1885-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித் என்பவர் இவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அவருடைய மேலதிகாரியான டேனியல் ஸால்மன் என்பவரின் பெயரே இதற்கு இடப்பட்டது. கோழி வளர்ப்போர் இக்கிருமிகளை மூன்று வகையாக அறிந்துகொள்வது நலம்.

முதலாவது, புல்லோரம் என்னும் வகை. இது பிறந்து சில நாட்களேயான குஞ்சுகளைத் தாக்கும். குஞ்சுகள் சிறகு தொங்கி, ஒன்றோடொன்று நெருங்கி நின்று, வெண்ணிறமாகக் கழிந்து, பின்புறத்தில் எச்சம் ஒட்டிக்கொண்டு இறக்கும். இரண்டாவது, காலினாரம் என்னும் வகை. இது பெரும்பாலும் வளர்ந்த கோழிகளுக்குக் கோழி டைபாய்டு நோயை உண்டாக்குவது. மூன்றாவது, என்டரிடிடிஸ், டைபிமூரியம் முதலிய வகைகள். இவை வளர்ந்த கோழியை வெளிப்படையாக நோய்ப்படுத்துவது அரிது. ஆயினும் முட்டை, இறைச்சி இவற்றின் வழியே மனிதருக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் விளைவிப்பவை. கைக்குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இது உயிராபத்தாக முடிவதும் உண்டு. மனிதருக்கு வரும் டைபாய்டு சுரத்தின் கிருமி இதே குடும்பத்தைச் சேர்ந்ததெனினும், அது மனிதரிடமிருந்தே பரவுவது, கோழியிடமிருந்து வருவதன்று.

நம் கிராமங்களில் வெள்ளைக் கழிச்சல் என்று சாதாரணமாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் ராணிக்கெட் நோயே. அது வைரஸால் வருவது. அதன் தடுப்பூசி ஸால்மொனெல்லாவைத் தடுக்காது. எந்தக் கழிச்சல் என்று ஊகித்து மருந்திடாமல், இறந்த குஞ்சைக் கால்நடை மருத்துவரிடம் சேர்த்து அறிந்துகொள்வதே முறை.

கிருமி வரும் வழிகள்

நோயினின்று பிழைத்த பெட்டைக்கோழி பார்வைக்கு ஆரோக்கியமாயிருக்கும். ஆயினும் அதன் கருப்பையில் கிருமி தங்கி, முட்டை வழியே அடுத்த தலைமுறையைச் சேரும். இது முதல் வழி. இரண்டாவது வழி தீவனம். தரைமணலில் பரப்பப்பட்ட காரப்பொடி, நெத்திலி முதலிய மீன்களின்மேல் காகமும் கடற்புறாவும் எச்சமிடுகின்றன. நாயும் எலியும் நடமாடுகின்றன. மீன் காய்ந்துவிட்டால் கிருமியும் செத்துவிடும் என்று எண்ணுவது தவறு. உலர்ந்த பொருளில் ஸால்மொனெல்லா பெருகாதேயன்றி, மாதக்கணக்கில் உயிருடன் கிடக்க வல்லது. மழை ஈரமோ கடற்காற்றின் கசிவோ பட்டால் மீண்டும் பெருகும். எலி, பல்லி, ஈ ஆகியவையும், கொட்டகைக்குக் கொட்டகை செல்லும் மனிதரின் செருப்பும் மூன்றாவது வழியாகும்.

ஆன்டிபயாடிக் மருந்துகள் ஏன் போதா?

கழிச்சல் கண்டவுடன் கடையில் பொடி வாங்கித் தண்ணீரில் கலந்து கொடுப்பது பலரின் வழக்கம். இதனால் சாவு குறையலாம். ஆனால் கிருமியைச் சுமக்கும் கோழி பெரும்பாலும் சுமந்துகொண்டே இருக்கும். மேலும் இம்மருந்து குடலிலுள்ள நன்மை தரும் கிருமிகளையும் அழிப்பதால், மருந்து நின்றபின் குஞ்சு முன்னிலும் எளிதில் நோய்க்கு இரையாகும். எல்லாவற்றினும் பெரிய தீங்கு, மருந்துக்குப் பழகிய கிருமி உண்டாவதே. அத்தகைய கிருமி பின்பு குழந்தையைத் தாக்குமாயின், மருத்துவரின் கையிலுள்ள மருந்து பலிக்காது போகும்.

இதனை உணர்ந்தே ஸ்வீடன் தேசம் 1986-லும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் யாவும் 2006-லும் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை நிறுத்தின. நமது மத்திய அரசாங்கம் 2019-இல் கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குப் பயன்படுத்தலாகாதென்று தடை செய்தது. மனிதருக்கு வேறு மருந்து பலிக்காதபோது கடைசியாகக் கொடுக்கப்படும் மருந்துகளுள் அது ஒன்று.

தாய்க்கோழி கற்பிக்கும் பாடம்

அடைகாத்த கோழியின் கீழ்ப் பொரித்த குஞ்சு, முதல் நாள் தொட்டே தாயுடன் குப்பையைக் கிளறி, தாயின் குடலிலுள்ள நன்மை தரும் கிருமிகளைத் தானும் பெறுகிறது. அவை குஞ்சின் குருட்டுக்குடல்களில் இடம்பிடித்துக்கொள்வதால், பின்னர் வரும் ஸால்மொனெல்லாவுக்குத் தங்க இடமும் உண்ண உணவும் கிட்டுவதில்லை. பொரிக்கும் இயந்திரத்திலிருந்து வரும் குஞ்சுக்கோ தாயில்லை. அதன் குடல் காலி மனைபோல் கிடக்கிறது. முதலில் நுழைவது எதுவோ, அதுவே அங்குக் குடியேறும்.

இவ்வுண்மையைப் பரீட்சித்துக் காட்டியவர்கள் பின்லாந்து தேசத்து நூர்மி, ரன்டாலா என்னும் இருவர். அந்நாட்டில் 1971-இல் கோழிகளிடையே ஸால்மொனெல்லா பரவியதைத் தொடர்ந்து, ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடற்பொருளைக் கரைத்து ஒருநாட் குஞ்சுகளுக்குப் புகட்டிப் பார்த்தனர். அக்குஞ்சுகள் கிருமியை எதிர்த்து நின்றன. இம்முடிவை அவர்கள் 1973-இல் வெளியிட்டனர். இதனடிப்படையில் பல நாடுகளில் சோதிக்கப்பட்ட கலவைகள் தயாரிக்கப்படுகின்றன. ஆயினும், நம்மவர் தாமாகவே ஏதோ ஒரு கோழியின் எச்சத்தைக் கரைத்துக் கொடுக்க முற்படலாகாது. அதில் வேறு நோய்களும் ஒட்டுண்ணிகளும் இருக்கக்கூடும்.

பிற உயிரியல் முறைகள்

லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் குடலின் புளிப்பைக் கூட்டித் தீய கிருமியை அடக்குகின்றன. புல்லோரம் கிருமியை முதன்முதல் கண்டறிந்த ரெட்ஜர் என்பவரே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஞ்சுகளுக்குப் புளித்த பாலை ஊட்டிச் சோதித்துள்ளார். புதிய மோரைச் சிறிதளவு கொடுப்பதில் தீங்கில்லை. ஆனால் அதுவே நோய்க்கு மருந்தென்று நம்பியிருத்தல் தகாது. ஈஸ்ட்டின் புறச்சுவரிலிருந்து எடுக்கப்படும் ஒருவகைச் சர்க்கரைப் பொருளும் தீவனத்தில் சேர்க்கப்படுகிறது. குடற்சுவரைப் பற்ற வேண்டிய கிருமி இதனைப் பற்றிக்கொண்டு எச்சத்துடன் வெளியேறுகிறது.

பாக்டீரியோபேஜ் எனப்படும் கிருமியுண்ணிகள் மற்றொரு வகை. கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி விரைவில் அழிவதை 1896-இல் ஹான்கின் என்பவர் நம் நாட்டில் கண்டறிந்தார். 1917-இல் தெரேல் என்னும் அறிஞர் கிருமியுண்ணிகளைப் பற்றி வெளியிட்டார். 1919-இல் பிரான்ஸில் கோழி டைபாய்டு நோய்க்கு எதிராகவே அவற்றைக் கோழிகளிடம் சோதித்தார். ஒவ்வொரு பேஜும் குறிப்பிட்ட சில கிருமிகளையே உண்ணும்; அவற்றை எதிர்க்கும் கிருமிகளும் தோன்றும். ஆகவே பல பேஜ்களைக் கலந்தே பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

இவற்றுள் நீண்டகால அனுபவத்தில் தேறியது தடுப்பூசியே. காலினாரம் நோய்க்கு 9ஆர் என்னும் வலிகுன்றிய உயிர்க்கிருமி 1950-களில் இங்கிலாந்தில் கண்டெடுக்கப்பட்டது. அந்நாட்டில் 1990-களில் முட்டைக்கோழிகளுக்கு என்டரிடிடிஸ் தடுப்பூசி போடத் தொடங்கியபின் மனிதரிடையே அந்நோய் வெகுவாகக் குறைந்தது. உயிர்க்கிருமித் தடுப்பூசி போடும் நாட்களில் ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஊசி வீணாகும் என்பதை மறக்கலாகாது.

செய்யவேண்டுவன

1. கருவாட்டைத் தரையில் பரப்பாமல், இடுப்புயர மூங்கிற் பரண்மேல் வலை மூடி உலர்த்துக. நன்கு காய்ந்தபின் ஈரம் புகாத சாக்கில் கட்டி, எலி அணுகாமல் வைக்க.

2. கொல்லைக் கோழிகளுக்கு மீன்கழிவு இடுவோர் அதனை நன்கு வேகவைத்த பின்னரே இடுக. கருவாட்டுத்தூள் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படவேண்டாம். மிகுந்த உப்பும் கோழிக்குத் தீங்கே.

3. சிறுவிடை முதலிய நாட்டுப் பெட்டைகள் அடைகாக்கும் குணமுடையவை. சில கோழிகளே வளர்ப்போர் அவற்றைக்கொண்டே பொரிப்பது நலம். கழிச்சலுக்குத் தப்பிய பெட்டையின் முட்டையை அடைவைக்கலாகாது.

4. பண்ணை வைத்திருப்போர் இனப்பெருக்கக் கோழிகளுக்கு இரத்தப் பரீட்சை செய்வித்து, கிருமி கண்டவற்றை நீக்குக. துளி இரத்தத்தை வர்ணமிட்ட ஆன்டிஜனுடன் கலந்து பார்க்கும் இப்பரீட்சைக்குச் சில நிமிஷங்களே போதும். தடுப்பூசி இட்ட கோழிகள் இதில் தவறாகத் தோன்றக்கூடுமாதலால், பரீட்சை முந்தியும் ஊசி பிந்தியும் நடைபெற வேண்டும்.

5. ஒரு கொட்டகையில் ஒரே வயதுக் குஞ்சுகளையே விடுக. அவை யாவும் நீங்கியபின் துப்புரவு செய்து, சில நாட்கள் காலியாக விட்டு, அடுத்த தொகுதியைக் கொணர்க.

6. முட்டையையும் இறைச்சியையும் முழுதும் வேகவைத்தே உண்க. பச்சை இறைச்சியைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுக.

மேற்கண்டவற்றுள் எந்த ஒரு முறையும் தனியே நின்று நோயை ஒழித்துவிடாது. தூய தீவனம், நோயற்ற முட்டை, குடலிலுள்ள நற்கிருமி, தடுப்பூசி ஆகியவை ஒன்றுசேரும்போதே ஆன்டிபயாடிக் பொடிக்கு வேலையில்லாமற் போகும். கிராம அதிகாரிகள் தங்கள் எல்லையில் குஞ்சுகள் கூட்டமாக மடியும் செய்தி கிடைத்தவுடன், காலதாமதமின்றி அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவிப்பார்களாயின், ஒரு குப்பத்தின் நோய் அடுத்த குப்பத்துக்குச் செல்லாமல் நிற்கும். இறந்தவற்றை ஏரியில் எறியாமல் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்கச் செய்வதும் அவர்களால் ஆகக்கூடியதே. ஏரி நீரும் கரை மணலும் எல்லாக் குப்பங்களுக்கும் பொதுவானவை. அவற்றைக் காப்பதும் பொதுக் கடமையேயாகும்.