வீட்டு ஹாலே வகுப்பறை! வெளிநாட்டில் ஆங்கில டியூஷன் எடுக்கப் போகிறீர்களா?

கணவருக்கு துபாயில் வேலை. பிள்ளைகளின் டி.சி.யை வாங்கிக்கொண்டு பின்னாலேயே விமானம் ஏறும் மனைவிகளில் ஆசிரியைகள் நிறைய பேர். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட்., பத்து வருட அனுபவம் எல்லாம் சூட்கேஸின் அடியில் ஒரு ஃபைலாகக் கிடக்கும். அங்கே போனதும் கிடைக்கும் அடையாளமோ வேறு. கணவரின் ஸ்பான்சரில் வரும் மனைவியின் விசாவில், ‘இல்லத்தரசி, வேலை செய்ய அனுமதியில்லை’ என்றே முன்பு அச்சடித்திருப்பார்கள்.

ஆனாலும் இரண்டு மூன்று மாதத்தில் காலிங் பெல் அடிக்கும். “நீங்க இங்கிலீஷ் டீச்சராமே... எங்க பையனுக்குக் கொஞ்சம் கிராமர் சொல்லித் தரீங்களா?” என்று பக்கத்து ஃப்ளாட் அம்மா நிற்பார். ஒரு பையன் நான்கு பேர் ஆவான். பில்டிங் வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் பரவும். மாதக் கடைசியில் கையில் கொஞ்சம் திர்ஹாம் புரளும். கூடவே, ‘யாராவது புகார் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்?’ என்ற பயமும் இருக்கும்.

அந்தப் பயம் நியாயமானதுதான். அனுமதி இல்லாமல் பணம் வாங்கிக்கொண்டு பாடம் நடத்துவது அமீரகத்தில் சட்டப்படி தவறு. பிரச்னை வந்தால், பாதிப்பு டியூஷனோடு நிற்காது. குடும்பமே அங்கே தங்கியிருப்பது ஒருவரின் விசாவை நம்பித்தானே!

2023-ல் திறந்த கதவு

2023 டிசம்பரில் அமீரகத்தின் மனிதவள அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து ‘தனியார் ஆசிரியர் பணி அனுமதி’யை அறிமுகம் செய்தன. தனிநபர்கள் பள்ளிக்கு வெளியே சட்டப்படி டியூஷன் எடுக்க இது வழி செய்தது.

யாரெல்லாம் விண்ணப்பிக்கலாம்? பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள், அரசு மற்றும் தனியார் நிறுவன ஊழியர்கள், வேலையில் இல்லாதவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள் என்று பட்டியல் நீளம். 15 முதல் 18 வயது வரையிலான பள்ளி மாணவர்கள்கூட விண்ணப்பிக்கலாம். ‘வேலையில் இல்லாதவர்கள்’ என்ற அந்த ஒரு வரிதான் வீட்டிலிருக்கும் பட்டதாரிப் பெண்களுக்குப் பெரிய ஆறுதல்.

அனுமதிக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகள் செல்லும். மனிதவள அமைச்சகத்தின் இணையதளம் அல்லது ஆப் வழியாக விண்ணப்பிக்கலாம். ஐந்து வேலை நாட்களில் பதில் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். நிராகரித்தால், மறுபடி விண்ணப்பிக்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதனால் முதல் தடவையே எல்லாத் தாள்களையும் சரியாகச் சேர்ப்பது முக்கியம்.

* அடையாள அட்டை, புகைப்படம்
* நன்னடத்தைச் சான்றிதழ்
* மருத்துவத் தகுதிச் சான்றிதழ்
* அனுபவம் இருந்தால் அதற்கான சான்றிதழ்
* வேலையில் இருப்பவர் என்றால், நிறுவனத்தின் என்.ஓ.சி.
* கையெழுத்திட்ட நடத்தை விதிமுறை

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. இது தனிநபருக்கான அனுமதி. இதை வைத்துக்கொண்டு ஆட்களை நியமித்து டியூஷன் சென்டர் நடத்த முடியாது. விதிகள் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் அமைச்சகத்தின் பக்கத்தை ஒரு தடவை படித்துவிடுவது நல்லது.

எந்த ஆங்கிலம்?

‘ஆங்கிலம்தானே, பத்து வருஷமாக நடத்தியதுதானே’ என்று இறங்கினால், முதல் வாரமே திணறல் வரும். ஒரே கட்டடத்தில் மூன்றாவது மாடிக் குழந்தை சி.பி.எஸ்.இ., ஐந்தாவது மாடிக் குழந்தை பிரிட்டிஷ் பாடத்திட்டம், எட்டாவது மாடியில் அமெரிக்கப் பாடத்திட்டம். பிரிட்டிஷ் முறையில் ஐ.ஜி.சி.எஸ்.இ. எழுதும் பிள்ளைகளிலும், ஆங்கிலத்தை முதல் மொழியாக எடுத்தவருக்கு ஒரு தேர்வு, இரண்டாம் மொழியாக எடுத்தவருக்கு வேறு தேர்வு. கேள்வி பதிலை மனப்பாடம் செய்ய வைக்கும் நம்மூர் முறை அங்கே எடுபடாது. பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து, எழுதியவர் ஏன் இந்தச் சொல்லைப் போட்டார் என்று கேட்பார்கள்.

பெரியவர்களும் வருவார்கள். கனடா, ஆஸ்திரேலியா போக ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுகிறவர்கள் அவர்களில் முக்கியமானவர்கள். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. 9 வரை மதிப்பெண். எழுதும் பகுதியில் 60 நிமிடத்துக்குள் குறைந்தது 150 சொற்களில் ஒன்று, 250 சொற்களில் ஒன்று என இரண்டு எழுத வேண்டும். பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே அந்த மதிப்பெண்ணில் வைத்திருப்பவர், இரவு எட்டு மணிக்கு எதிரே உட்காரும்போது ஆசிரியையின் பொறுப்பும் கூடிவிடும்.

தாய்மொழி எட்டிப் பார்க்கும்

அரபுக் குழந்தைக்குப் பாடம் எடுப்பவர்களுக்குத் தனி அனுபவம். அரபு மொழியில் ‘ப’ ஒலியில் வல்லின வகை கிடையாது. அதனால் ‘பார்க்கிங்’ என்பது ‘பூ’க்குப் பதில் ‘Bாலி’யின் முதல் ஒலியோடு வரும். அரபு வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவும் அதில் இல்லை. ஒரு பிள்ளை ஊர்ப் பெயரைச் சின்ன எழுத்தில் தொடங்கினால் அது கவனக்குறைவு அல்ல. அவன் மொழியில் அப்படி ஒரு வழக்கமே இல்லை. இது தெரிந்த ஆசிரியை திட்ட மாட்டார்.

நம் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். தமிழில் ‘தி’, ‘ஏ’ போன்ற முன்சொற்கள் இல்லை; அதனால் ஆங்கிலம் எழுதும்போது அவை காணாமல் போகும்.

ஆசிரியையும் சிலவற்றை மறக்க வேண்டியிருக்கும். ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘வாட் இஸ் யுவர் குட் நேம்’ எல்லாம் நம்மூரில் சகஜம். பிரிட்டிஷ் பாடத்திட்டத் தேர்வுத் தாளில் அவை மதிப்பெண்ணைக் குறைக்கும்.

பணம் பேசக் கூச்சப்படாதீர்கள்

பலர் சறுக்கும் இடம் இதுதான். “நம்ம ஊர்க்காரங்கதானே, பார்த்துப் போட்டுக்கலாம்” என்று தொடங்கினால், இரண்டு மாதம் பாக்கி நிற்கும். கேட்டால் உறவு கசக்கும். முதல் நாளே நான்கு விஷயங்களை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட வேண்டும்: ஒரு வகுப்புக்கு எவ்வளவு, மாதம் எத்தனை வகுப்பு, பணம் எந்தத் தேதியில், குழந்தை வராவிட்டால் என்ன. முதல் நாளே சொல்லாமல் வகுப்பை ரத்து செய்தால் கட்டணம் உண்டு என்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான்.

வருமானம் பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி வராது. ஜூலை, ஆகஸ்ட்டில் வெயிலுக்குப் பள்ளிகள் மூடும். குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும். ரமலானில் நேரம் மாறும். மாறாக, சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வுக்கு முன்பும், மே, ஜூனில் வரும் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வுக்கு முன்பும் மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த மாதங்களில் வருவதில் ஒரு பகுதியைக் கோடைக்கு எடுத்து வைப்பவர்களே தாக்குப்பிடிக்கிறார்கள். ஒரு அப்பாவுக்கு வேலை போனால், அந்த வீட்டின் இரண்டு பிள்ளைகளும் ஒரே வாரத்தில் ஊர் திரும்பிவிடுவார்கள். ஆகவே ஒரே குடும்பத்தையோ ஒரே கட்டடத்தையோ நம்பி இருக்க வேண்டாம்.

பாதுகாப்பும் முக்கியம். பிறர் வீட்டுக்குப் போனால், பெற்றோரில் ஒருவர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். வகுப்பு நடக்கும் அறைக் கதவு திறந்தே இருக்கட்டும். இது ஆசிரியைக்கும் நல்லது, குழந்தைக்கும் நல்லது.

மற்ற நாடுகளில்?

அமீரகத்தில் சரி என்பது அடுத்த நாட்டில் தவறாக இருக்கலாம்.

தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியருக்கான ‘இ-2’ விசா, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள 7 நாட்டவருக்கானது. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்தியா–கொரியா பொருளாதார ஒப்பந்தம், ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்களுக்கும் ஒரு வழி வைத்தது. ஆனால், அந்த விசாவில் இருப்பவர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது. ஜப்பானில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள், அனுமதி பெற்று வாரம் 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். சிங்கப்பூரில் கணவர் அல்லது மனைவியின் டிபென்டன்ட் பாஸில் இருப்பவர் வேலை செய்ய, 2021 மே முதல் பொதுவாகத் தனி வேலை அனுமதி வேண்டும்.

ஆன்லைன்தானே என்றும் அசட்டையாக இருக்க முடியாது. 2021 ஜூலையில் சீனா பள்ளிப் பாட டியூஷன் தொழிலுக்குக் கடிவாளம் போட்டது. வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களை வைத்துப் பாடம் நடத்தவும் தடை வந்தது. சீனக் குழந்தைகளை மட்டுமே நம்பியிருந்த ஆசிரியர்கள் பல நாடுகளில் வருமானத்தை இழந்தார்கள்.

வருமானத்தைத் தாண்டி...

புது ஊரில் ஆசிரியைகளை அதிகம் வாட்டுவது பணத்தட்டுப்பாடு மட்டுமல்ல, ‘நான் யார்?’ என்ற கேள்வியும்தான். ‘இன்னாருடைய மனைவி’ என்று மட்டும் அறியப்பட்டவரை, லிஃப்ட்டில் ஒரு குழந்தை “குட் ஈவினிங் மிஸ்!” என்று கூப்பிடும்போது அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது.

அந்த மரியாதையைப் பயமில்லாமல் அனுபவிக்க வேண்டும் என்றால், வரிசையை மாற்றாதீர்கள். முதலில் அனுமதி, பிறகு பாடத்திட்டம், அதன் பிறகே முதல் மாணவர்!