சிறுவீடும் கணுப்பிடியும்

பண்டிகை என்றதும் புத்தாடையும் பலகாரமும் விருந்தினர் ஆரவாரமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் வயது முதிர்ந்த ஒருவரை அணுகி, "இளமையில் கொண்டாடிய பொங்கலில் தங்கள் நெஞ்சில் நிற்பது எது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர் ஆரவாரத்தைச் சொல்லமாட்டார். இருள் பிரியாத வாசலில் தாயார் கோலமிடும்போது கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொல்வார். பானை பொங்கும் வரையில் வீட்டார் அனைவரும் அடுப்பைச் சுற்றிப் பேசாமல் காத்திருந்ததைச் சொல்வார். மார்கழி பிறந்தது முதல் தை மாதத்தின் சில நாட்கள் கழியும் வரையில் நம் குடும்பங்களில் நிகழும் வழக்கங்களை நோக்கினால், அவை ஒவ்வொன்றின் உள்ளும் இத்தகைய அமைதியான சிறுபொழுது ஒன்று பொதிந்திருப்பதைக் காணலாம். அப்பொழுதுகளைப் பற்றியே இங்கே சில சொல்ல விரும்புகிறேன்.

டிசம்பர் நடுவில் பிறக்கும் மார்கழி, ஜனவரி நடுவில் முடிகிறது. வடகிழக்குப் பருவமழை தணிந்து பனி இறங்கும் காலம் அது. நடவும் களையெடுப்பும் முடிந்து, சம்பா நெல் கதிர் முற்றிக்கொண்டிருக்கும். அறுவடையோ இன்னும் வந்திராது. ஓயாத உழைப்புக்கு இடையே உழவர் கைகளுக்குச் சற்று ஓய்வு கிடைக்கும் நாட்கள் இவை. திருமணம் போன்ற நிகழ்ச்சிகளையும் பெரும்பாலோர் இம்மாதத்தில் வைத்துக்கொள்வதில்லை. ஆகவே வெளியூர்ப் பயணமும் விருந்தும் குறைந்து, வீடு தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் மாதமாக மார்கழி அமைந்துவிட்டது. திருப்பாவையின் 30 பாடல்களை நாளுக்கு ஒன்றாக ஓதும் வழக்கமும் இந்த வைகறை அமைதிக்கு நன்கு பொருந்தியிருக்கிறது.

வாசலில் நீர் தெளித்துப் பெருக்கி, அரிசி மாவினால் கோலமிட்டு, அதன் நடுவே சாண உருண்டை வைத்து, உருண்டையின் உச்சியில் பூசணிப்பூ ஒன்றைச் செருகுவர். வெண்மையான கோலத்தின் நடுவில் மஞ்சள் நிறப் பூ விளங்கும் காட்சியை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆனால் வெயில் ஏறிப் பூ வாடியபின் அந்த உருண்டை என்ன ஆகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரங்களில் இதற்கு அழகான விடை இருக்கிறது.

அங்கே வாடிய பூவை வீட்டுச் சிறுமியர் எறிந்துவிடுவதில்லை. பூவையும் சாணத்தையும் சேர்த்துச் சிறிய எருவாகத் தட்டி வெயிலில் காய வைக்கின்றனர். நாள்தோறும் இவ்வாறு செய்ய, மாத முடிவில் பூ எருக்கள் ஒரு கூடை அளவு சேர்ந்துவிடும். இதற்கிடையில் அவர்களுக்கென்று முற்றத்திலோ வாசலிலோ களிமண்ணால் ஒரு வீடு எழும்பும். அதுவே சிறுவீடு. உயரம் குறைந்த மண் சுவர், ஒரு வாயில், உள்ளே அறை, சமையலுக்கு ஓர் இடம். பெரியவர்கள் சுவர் எழுப்ப உதவுவார்களேயன்றி, வீட்டின் உரிமை சிறுமியருக்கே உரியது. பள்ளிக்குச் செல்லும் முன் மெழுகுவதும், திரும்பியபின் கோலமிடுவதும் அவர்கள் பொறுப்பு. பாடப் புத்தகத்தைக் கையில் எடுக்கச் சோம்பும் பெண்ணும் சிறுவீட்டை மெழுக மறப்பதில்லை! பிறர் சொல்லிச் செய்யும் வேலைக்கும் தனக்கு உரியதாகக் கொண்டு செய்யும் வேலைக்கும் உள்ள வேறுபாடு அது.

தை முதல் நாள் வருகிறது. முற்றத்தில் கல்லடுப்புக் கூட்டி, மஞ்சள் கொத்து கட்டிய பானையை ஏற்றுகின்றனர். தென் மாவட்டங்களில் பனையோலை கொண்டு தீ மூட்டுவதும் உண்டு. அதன்பின் ஒருவருக்கும் பேச்சில்லை. கண்கள் எல்லாம் பானையின் வாயிலேயே இருக்கும். பால் ஏன் பொங்குகிறது என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. சூடேறிய பாலின் மேற்பரப்பில் கொழுப்பும் புரதமும் ஆடையாகப் படிகின்றன. கீழே உண்டாகும் நீராவி குமிழிகளாக எழுந்து வெளியேற முயல்கிறது. வெறும் நீராயின் குமிழிகள் உடனே உடைந்துவிடும். பாலிலோ புரதம் அவற்றுக்கு உறுதி அளிப்பதால், அவை உடையாமல் நுரையாகத் திரண்டு ஆடையையும் தூக்கிக்கொண்டு மேலேறுகின்றன. கழுத்துக் குறுகிய பானையில் நுரை பரவ இடம் இல்லை. எனவே நெடுநேரம் அசையாதிருந்த பால் சில நொடிகளில் விளிம்பைத் தாண்டிவிடுகிறது. "பொங்கலோ பொங்கல்" என்ற குரல் எழுவது அப்போதுதான். எரிவாயு அடுப்பும் குக்கரும் வந்தபின் இக்காத்திருப்பு பல வீடுகளில் சுருங்கிவிட்டது. குக்கரின் மூடிக்குள் நடப்பதை யாரும் சுற்றி நின்று பார்ப்பதில்லை அல்லவா?

மறுநாள் விடியற்காலையில், பல குடும்பங்களில் பெண்கள் கணுப்பிடி வைக்கின்றனர். முதல் நாள் எடுத்து வைத்த சோற்றை மஞ்சள் கலந்தும், குங்குமம் கலந்தும், தயிர் பிசைந்தும் சிறு உருண்டைகளாக்கி, மஞ்சள் இலையில் பரப்பி, முற்றத்திலோ ஆற்றங்கரையிலோ மொட்டைமாடியிலோ காக்கைக்கும் குருவிக்கும் வைப்பர். உடன்பிறந்தார் நலமாக வாழவேண்டும் என்பதே வேண்டுதல். மணமாகி வேற்றூர் சென்ற பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் முதலியவற்றைப் பொங்கற்சீராக அனுப்பியிருப்பர். சீர் வந்த வழியே நினைவு திரும்பிச் செல்கிறது என்று கொள்ளலாம். உருண்டைகளை வைக்கும்போது ஒவ்வொரு சகோதரனின் முகமும் மனத்தில் வந்து போகும். ஆண்டு முழுவதும் கணவன், மக்கள், மாமியார் என்று பிறருக்காக ஓடிய பெண், தான் பிறந்த வீட்டை மட்டும் எண்ணி நிற்கும் நேரம் அது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இந்த அமைதியெல்லாம் யாருடைய உழைப்பினால் கிடைத்தது? பனியில் எழுந்து வாசல் பெருக்கியவர்கள் பெண்கள். மாவு இடித்ததும், பானை விளக்கியதும், அனைவரும் உண்டபின் உண்டதும் அவர்களே. மற்றவர் அமைதியை நுகர்ந்தனர். அவர்கள் அதை ஆக்கி அளித்தனர். அவர்களுள்ளும் கணவரை இழந்தோரை மங்கல நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கி வைத்த கொடுமை பல வீடுகளில் இருந்தது. கைம்பெண்ணான தமக்கைக்குத் தம்பியிடம் உள்ள அன்பு குறைந்தா போய்விட்டது? அவள் வைக்கும் சோற்றைக் காக்கை மறுப்பதில்லை, மறுத்தவர் மனிதரே. வாளியில் நீர் சுமக்கவும், கோலமாவு எடுத்துத் தரவும், அடுப்படியில் நிற்கவும் வீட்டு ஆண்பிள்ளைகள் முன்வந்தால் வழக்கத்துக்கு எந்தக் குறையும் நேராது. சில வீடுகளில் இது நடைபெறக் கண்டு மகிழ்ந்திருக்கிறேன்.

சிறுவீட்டின் கதை இன்னும் முடியவில்லை. தை மாதத்தில், அவ்வவ்வூர் வழக்கப்படி ஒரு நாளில், சிறுமியர் தம் மண் வீட்டின் முன் சிறிய பானை வைத்துப் பொங்கலிடுகின்றனர். அன்று சமையல் அவர்களுடையது, பெரியவர்கள் விருந்தினர். சோறு குழைந்தாலும் அடிப்பிடித்தாலும் ஒருவரும் குறை சொல்வதில்லை. பின்னர் ஒரு மாதமாகச் சேர்த்து வைத்த பூ எருக்களைக் கூடையில் எடுத்துக்கொண்டு ஆற்றுக்கோ குளத்துக்கோ செல்கின்றனர். எருவின்மேல் சூடம் ஏற்றி ஒவ்வொன்றாக நீரில் விடுவதும் உண்டு. மார்கழியின் ஒவ்வொரு விடியலும் ஒரு சிறு சுடராகத் தண்ணீரில் நகர்ந்து செல்ல, அது கண்ணுக்கு மறையும் வரையில் சிறுமியர் கரையிலேயே நிற்கின்றனர். பிறகு காலிக் கூடையுடன் வீடு திரும்புகின்றனர்.