பொய்யாச் சாட்சி

கோவில்பட்டியைச் சூழ்ந்து பரந்து கிடப்பது கரிசல் நிலம். வற்றாத ஆறு அங்கே இல்லை. வானம் ஒன்றே வாழ்வு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை முறையாகப் பொழிந்தால் பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் விளையும். பொழியாவிடின் நிலம் பாளம் பாளமாக வெடித்து நிற்கும். இத்தகைய நாட்டில் மழை எப்போது பெய்தது, எவ்வளவு பெய்தது என்பதனை அறிந்திருத்தல் உழவர்க்கு இன்றியமையாதது. ஆனால், மனிதர் நினைவு முற்றும் நம்பத்தக்கதன்று. ‘சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன்பே மழை பிடித்துவிட்டது’ என்பார் ஒருவர்; ‘இல்லை, தீபாவளிக்குப் பின்னரே பெய்தது’ என்பார் மற்றொருவர். இருவரும் பொய் கூறுபவர் அல்லர். நினைவே அவர்களை ஏமாற்றுகின்றது.

இவ்வழக்கைத் தீர்க்க வல்லது எழுத்து ஒன்றே. கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. மானாவாரிப் பயிர்களை ஆராயும் அந்நிலையத்திற்கு மழைக் கணக்கு கண் போன்றது. மழைமானியில் சேர்ந்த நீரை நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து ஏட்டில் எழுதுதல் இந்திய வானிலைத் துறை வகுத்த முறையாகும். மழை பெய்யாத நாளுக்கும் ஏட்டில் சுழி இடவேண்டும். வெற்றிடம் விட்டால், மழைதான் பெய்யவில்லையோ, அளப்பவர்தாம் வரவில்லையோ என்பதனைப் பின்வருவோர் எங்ஙனம் அறிவர்? இவ்வாறு பல்லாண்டுகள் திரண்ட மழைக் கணக்கின் துணைகொண்டே, பருவமழைக்குச் சற்று முன்னதாக வறண்ட மண்ணில் விதைத்தற்குரிய வாரங்களை அறிஞர்கள் வகுத்தனர்.

அன்றன்று நிகழ்ந்ததை அன்றன்றே எழுதிவைக்கும் இம்முறை இக்காலத்தில் கணினிக்கும் உரியதாயிற்று. ஓர் அலுவலகத்தில் பத்துக் கணினிகள் இருப்பின், பலர்க்கும் பொதுவான கோப்புகளை அவற்றுள் தனித்தனியே வைப்பதில்லை. ஒரு கணினியில் அவற்றைத் தொகுத்து வைத்து, ஏனைய கணினிகளை வலையமைப்பால் அதனோடு இணைப்பர். அப்பொதுக் கணினியே கோப்பு வழங்கி எனப்படும். மக்கள் இதனைச் ‘சர்வர்’ என்றே அழைப்பர். நூல் நிலையத்தில் ஒரே நூலைப் பலர் எடுத்துப் பயில்வது போல, வழங்கியில் உள்ள கோப்பைப் பலரும் திறக்கலாம். உரிமை பெற்றோர் திருத்தலாம், அழிக்கவும் செய்யலாம். நூல் நிலையத்தில் நூல் வழங்கும் பதிவேடு இருப்பது போல, வழங்கியிலும் ஓர் ஏடு வேண்டும். அதுவே நிகழ்வுப் பதிவேடு.

அதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழில் நடத்தும் ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்வோம். சனிக்கிழமை கூலி கொடுக்கவேண்டும். வெள்ளிக்கிழமை காலை பார்த்தால், கூலிக் கணக்குக் கோப்பைக் காணவில்லை. முதல் நாள் மாலை கடைசியாக வீட்டிற்குச் சென்றவர், புதிதாய் வேலைக்குச் சேர்ந்த இளைஞர். எல்லாருடைய பார்வையும் அவர்மீதே பாய்கின்றது. ‘நான் அழிக்கவில்லை’ என்று அவர் கூறினால் யார் நம்புவர்? சாட்சி இல்லாத இடத்தில் ஐயமே தீர்ப்பாகிவிடும். ஒருவருடைய பிழைப்பும் நற்பெயரும் அங்கே ஊசலாடுகின்றன.

பதிவேடு இயங்கும் வழங்கியாயின் நிலைமை வேறு. யார், எந்தக் கணினியிலிருந்து, எந்த நேரத்தில், எந்தக் கோப்பை, என்ன செய்தார், அச்செயல் நிறைவேறியதா, தடுக்கப்பட்டதா என்னும் ஆறு வினாக்களுக்கும் அது விடை கூறும். ஆயினும், இவ்வேடு முழுமையாகத் தானே அமைந்துவிடுவதில்லை. விண்டோஸ் வகை வழங்கியில் கோப்புச் செயல்களைப் பதிய இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். முதலாவது, கோப்புச் செயல்களைக் கண்காணிக்குமாறு வழங்கிக்குப் பொதுக் கட்டளை இடுதல். இரண்டாவது, எந்தக் கோப்புறையில், யாருடைய எந்தச் செயல்களைக் குறிக்கவேண்டும் என்று அக்கோப்புறையிலேயே அமைத்தல். ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டவர், இடர் நேர்ந்த பின்னரே ஏடு வெறுமையாய் இருத்தலைக் காண்பர். இரண்டும் அமைந்தபின், ஒருவர் கோப்பைக் கையாளும்போது 4663 என்னும் எண்ணுடைய குறிப்பு ஏட்டில் ஏறும். லினக்ஸ் வகை வழங்கியில் கோப்புகளைப் பகிரும் சாம்பா என்னும் மென்பொருளிலும் இவ்வாறு குறித்தற்குரிய பகுதி உண்டு.

எல்லாவற்றையும் குறிப்போம் என்று ஆசைப்படுதல் தவறு. ஒரு கோப்பைத் திறந்து பார்ப்பதற்கே பல குறிப்புகள் எழும். விண்டோஸ் வழங்கியில் பாதுகாப்பு ஏட்டுக்கு முதற்கண் ஒதுக்கப்படும் இடம் ஏறத்தாழ 20 மெகாபைட்டு மட்டுமே. அது நிரம்பியவுடன் பழைய குறிப்புகள் அழிந்து புதியவை அவ்விடத்தில் ஏறும். வைக்கோற்போரில் ஊசியைத் தேடுவோர், ஊசியிருந்த போரையே இழந்து நிற்பர். ஆதலால், அழித்தல், திருத்தல், உரிமை மாற்றுதல் ஆகிய செயல்களை மட்டும், கூலிக் கணக்குப் போன்ற முதன்மையான கோப்புறைகளில் மட்டும் குறிக்குமாறு அமைத்து, ஏட்டின் இடத்தையும் பெருக்குதல் அறிவுடைமையாகும்.

அடுத்து வேண்டுவது கடிகார ஒழுங்கு. வழங்கியின் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தியிருப்பின், ஒருவர் அலுவலகத்தை விட்டுச் சென்றபின் நிகழ்ந்த செயல், அவர் இருந்தபோதே நிகழ்ந்ததாகத் தோன்றும். குற்றமற்றவர் மீது பழி விழ அப்பத்து நிமிடம் போதும். ஆதலின் எல்லாக் கணினிகளும் ஒரே நேர வழங்கியோடு தம் கடிகாரத்தை ஒத்துப் பார்த்துக்கொள்ளுமாறு அமைக்கவேண்டும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பாகிய செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28ஆம் நாள் விடுத்த ஆணையிலும் இதனை வலியுறுத்தியது. நிறுவனங்கள் தம் கணினிப் பதிவேடுகளை 180 நாள்கள் இந்தியாவிற்குள் காத்துவைக்கவேண்டும் என்றும் அவ்வாணை கூறியது.

சாட்சியைக் குற்றவாளியின் வீட்டிலேயே குடிவைக்கலாமா? வழங்கியில் புகுந்து தீங்கு செய்பவன், அங்குள்ள ஏட்டையும் அழிக்க முயல்வான். விண்டோஸில் பாதுகாப்பு ஏட்டை அழித்தால், அழித்த செய்தியே 1102 என்னும் எண்ணுடன் புதிய ஏட்டின் முதற் குறிப்பாக ஏறும். ஆயினும் அழிந்தவை மீள்வதில்லை. எனவே, குறிப்புகள் எழுந்தவுடனே அவற்றின் படி வேறொரு கணினிக்குச் செல்லுமாறு அமைத்தலே தக்கது.

இதன் உண்மையை உலகிற்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள லாரன்சு பெர்க்கிலி ஆய்வகத்தில் கிளிபோர்டு ஸ்டோல் என்னும் வானியல் அறிஞர் கணினிப் பிரிவில் பணியாற்றினார். கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் துண்டு விழுந்தது. மிகச் சிறிய தொகை என்று அவர் அதனைத் தள்ளிவிடவில்லை. தேடிச் சென்றபோது, உரிமையில்லாத ஒருவன் கணினியில் புகுந்து உலவுவதைக் கண்டார். புகுந்தவன் கணினி முழுவதையும் ஆளும் உரிமையைக் கவர்ந்திருந்தான். அக்கணினியிலேயே அவனைக் கண்காணித்தால் அறிந்துகொள்வான். ஆகவே ஸ்டோல், இணைப்புக் கம்பிகளில் தனி அச்சுப்பொறிகளைப் பொருத்தி, அவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் தாளில் பதியச் செய்தார். தாம் கண்டவற்றையும் நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதினார். அப்பதிவுகள் வழிகாட்ட, அவன் மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரத்தினன் என்பது வெளிப்பட்டது. 1990ஆம் ஆண்டு நீதிமன்றம் அவனுக்குத் தண்டனை விதித்தது.

ஏடு எவ்வளவு நன்றாக அமைந்தாலும், ஒரு தவறு அதனைப் பயனற்றதாக்கும். சிறிய அலுவலகங்கள் சிலவற்றில் எல்லாரும் ஒரே பயனர் பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் பயன்படுத்துவர். பதிவேடு காட்டுவது எந்தச் சாவி திறந்தது என்பதையே; அச்சாவியைப் பிடித்த கையை அன்று. பொதுச் சாவியால் திறந்த வீட்டில் எவரையும் குறித்துச் சொல்ல இயலாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் வேண்டும். கடவுச்சொல்லைப் பிறர்க்கு ஈதல் கூடாது. பதிவேடு இயங்குவதைப் பணியாளர் அனைவர்க்கும் முன்னரே அறிவித்தலும் முறையாகும். அது நடந்ததை அறியும் கருவியே அன்றிப் பிறரை ஒளிந்து நோக்கும் துளை அன்று. வாரந்தோறும் ஒருவர் அதனைப் படிக்கவும் வேண்டும். குறிப்பே எழாத நாள் அமைதியான நாளாகவும் இருக்கலாம். ஏடு நின்றுபோன நாளாகவும் இருக்கலாம். மழைக் கணக்கில் சுழிக்கும் வெற்றிடத்திற்கும் உள்ள வேறுபாடே இங்கும் உள்ளது.

மீண்டும் அத்தீப்பெட்டி அலுவலகத்தை நோக்குவோம். பதிவேட்டைத் திறந்தனர். கோப்பு அதன் இடத்திலிருந்து நீங்கியது இளைஞர் வீடு சென்ற பின்னர். வெள்ளிக்கிழமை காலை 9.05 மணி; மேலாளருடைய பெயர்; மேலாளருடைய கணினி. அவர் கைதவறி அதனைப் பக்கத்துக் கோப்புறைக்குள் இழுத்துவிட்டிருந்தார். தேடியபோது அது அங்கேயே கிடைத்தது. கூலியும் உரிய நாளில் கிடைத்தது. கோப்பு உண்மையாகவே அழிந்திருப்பின், பதிவேடு அதனை மீட்டுத் தந்திராது. அதற்கு முன்னரே எடுத்துவைத்த காப்புப் படி வேண்டும். ஆயினும், ஓர் இளைஞரின் நற்பெயரை அன்று காத்தது பதிவேடே அன்றோ?

பெய்த மழையைக் கரிசல் மண் தன்னுள் நெடுநாள் தேக்கிவைத்துப் பயிருக்கு வேண்டும்போது வழங்குகின்றது. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே தேக்கிவைத்து, வேண்டும்போது வழங்குவது பதிவேடு. அஃது அஞ்சத்தக்கதன்று, நேர்மையாக உழைப்போர்க்கு அரணாவது.