ராத்திரியில் தண்ணீர் குடிக்கும் வீடு

போன கோடையில் எங்க வீட்டுக்கு (சென்னைப் புறநகர், தனி வீடு, நாலு பேர்) தண்ணி லாரி வழக்கத்தைவிட அடிக்கடி வர ஆரம்பிச்சது. காரணம் அம்மாதான்னு நானே முடிவு பண்ணிட்டேன். பாத்திரம் தேய்க்கும்போது குழாயை மூடமாட்டாங்க. ரெண்டு தடவை கொஞ்சம் கடுமையாவே சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அம்மா துணி அலசும் தண்ணீரைக்கூடக் குறைச்சுக்கிட்டாங்க. அப்பவும் லாரி வருவது குறையல.

2019 ஜூனில் புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தவங்க நாங்க. அதனால் பயம் எளிதில் வரும். பயத்தில் ஆளைக் குறை சொல்றதும் எளிது. அளந்து பார்க்கத்தான் தோணல.

ஒருநாள் அளந்தேன். மொட்டைமாடித் தொட்டியைச் சுத்தி நூல் கட்டினேன்: சுற்றளவு 340 செ.மீ. கணக்குப் போட்டால், தண்ணீர் மட்டம் 1 செ.மீ. இறங்கினால் சுமார் 9 லிட்டர் போயிருக்குன்னு அர்த்தம். ராத்திரி 11 மணிக்கு எல்லாக் குழாயையும் மூடிட்டு, குச்சி விட்டு மட்டத்தைக் குறிச்சேன். காலை 5 மணிக்குப் பார்த்தால் 6 செ.மீ. இறங்கியிருந்தது! யாரும் எழுந்திருக்கவே இல்லை. ஆறு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 55 லிட்டர். ஒரு நாளைக்கு 220 லிட்டர். ரெண்டு மாசத்துக்கு 13,200 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் லாரி ஒண்ணு முழுசா, யாருக்கும் பயன்படாமல் போயிருக்கு.

அடுத்த ராத்திரி ரெண்டு கழிவறைகளிலும் ஃபிளஷ் டாங்குக்குப் போகும் ஆங்கிள் காக்கை மட்டும் மூடி வச்சேன். மட்டம் அசையவே இல்லை. எந்த டாங்குன்னு கண்டுபிடிக்க, ரெண்டிலும் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைச்சு விட்டு, ஃபிளஷ் பண்ணாமல் இருபது நிமிஷம் காத்திருந்தேன். மாடிக் கழிவறைக் கோப்பையில் ஆரஞ்சு நிறம் வழிஞ்சது. உள்ளே இருந்த ரப்பர் வாஷர் இறுகிப்போய் சரியா மூடல. இந்தக் கசிவு பீங்கானின் சுவரோடு ஒட்டி இறங்குவதால் சத்தமே கேட்காது, கண்ணுக்கும் தெரியாது. புது வாஷர் நூறு ரூபாய்க்குள் முடிஞ்சது.

சரி, கரண்ட் பில்? அதிலும் என் ஊகம் தப்பு. மோட்டார்தான் கரண்டைத் தின்னுதுன்னு நினைச்சேன். எங்க 1 எச்.பி. மோட்டார் 1000 லிட்டர் ஏத்த அரை மணி நேரம் எடுக்கும். சுமார் அரை யூனிட். அப்போ 13,200 லிட்டருக்கு ஏழு யூனிட்கூட வராது. ஆனா 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடாக்கவே அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல ஆகும். நாலு பேர் தினமும் அப்படிக் குளிச்சால் ரெண்டு மாசத்தில் 120 யூனிட்டைத் தாண்டும். ஆக, பில்லைக் குறைக்கணும்னா மிச்சம் பிடிக்க வேண்டியது வெந்நீரை. ஷவரை விட்டுட்டு ஒரு வாளியில் விளாவிக் குளிச்சாலே வித்தியாசம் தெரியும்.

மத்த சில்லறை விஷயங்கள்: ஆர்.ஓ. கழிவுநீரை வாளியில் பிடிச்சு வீடு துடைக்கிறோம். உப்பு அதிகம் என்பதால் செடிக்கு ஊத்துறதில்லை. சமையலறைக் குழாயில் காற்று கலக்கும் சல்லடை மூடி போட்டாச்சு. இதெல்லாம் நல்லதுதான், ஆனா கசிவை அடைக்காமல் இதை மட்டும் செய்வது ஓட்டைக் குடத்துக்கு மூடி போடுற கதை.

உங்க வீட்டிலும் இன்னிக்கு ராத்திரி தொட்டியில் ஒரு கோடு போட்டுப் பாருங்க. யாரையும் திட்டுறதுக்கு முன்னாடி.

அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். "அதனாலென்ன, விடு"ன்னு சொல்லிட்டாங்க. ஆனா இப்பவும் நான் சமையலறைப் பக்கம் போனா, குழாயை அவசரமா மூடுறாங்க. அதைச் சரிபண்ண எந்த வாஷர் போடணும்னு தெரியல.