திரும்பத் திரும்பக் கேட்டால் பேச்சும் பாட்டாகும்

"பாட்டுக் கற்றுக்கொள்கிறாயா?" என்று ஒரு சிறுவனைக் கேட்டுப் பாருங்கள். "எனக்குச் சங்கீதமெல்லாம் வராது" என்பான். அதே சிறுவன், கைப்பேசியில் கேட்ட வேடிக்கைத் துணுக்கு ஒன்றை ஏற்ற இறக்கம் மாறாமல் சொல்லிக் காட்டுவான். இவ்வளவு நுட்பமான காதுக்கு இசை வராமல் போகுமா?

2020 ஆகஸ்டில் இணையத்தில் பரவிய ஒரு வேடிக்கை நினைவிருக்கலாம். இந்தித் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில், வெறும் குக்கரை அடுப்பில் ஏற்றியது யார் என்று மாமியார் அதட்டுகிறார். யஷ்ராஜ் முகாதே என்ற இசைக்கலைஞர் அந்த அதட்டலுக்குத் தாளமும் பின்னணி இசையும் சேர்த்தார். அதட்டல் பாட்டாகிவிட்டது!

இது எப்படி நேர்ந்தது? நம் குரல்நாண்கள் ஒரு விநாடியில் எத்தனை முறை அதிர்கின்றனவோ, அதுவே குரலின் அதிர்வெண். பேசும்போது இது நொடிக்கு நொடி வழுக்கிச் செல்லும். பாடும்போது படிக்கட்டில் நிற்பதுபோல் ஒவ்வொரு சுரத்திலும் நின்று செல்லும். சட்ஜம் 240 ஹெர்ட்ஸ் என்றால் பஞ்சமம் 360, மேல் சட்ஜம் 480. அதாவது 3:2, 2:1 என்ற எளிய விகிதங்கள். பேச்சிலும் ஏற்ற இறக்கம் உண்டு. ஆனால் நம் கவனம் பொருளின் மீதே இருப்பதால் அதை நாம் உணர்வதில்லை.

1995-இல் அமெரிக்க உளவியலறிஞர் டயானா டாய்ச், தம் சொந்தப் பேச்சின் ஒலிப்பதிவில் ஒரு சிறு தொடரைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். சற்று நேரத்தில் அது பாட்டாகக் கேட்டது! பிறகு இதைச் சோதித்தார்கள். ஒரு முறை மட்டும் கேட்டவர்கள் அத்தொடரைப் பேசிக் காட்டினர். பத்து முறை கேட்டவர்கள் பாடிக் காட்டினர். சுருதியைச் சிறிது மாற்றியோ அசைகளைக் கலைத்தோ ஒலிக்கச் செய்தபோது அது பேச்சாகவே இருந்தது. ஆகவே, அச்சுப் பிசகாமல் திரும்ப ஒலிப்பதே இதன் இரகசியம்.

இங்கேதான் கைப்பேசி உதவுகிறது. எவ்வளவு திறமையான ஆசிரியரானாலும் ஒரே வாக்கியத்தைப் பத்து முறையும் ஒரே சுருதியில் பேச இயலாது. ஒலிப்பதிவுக்கு அது எளிது. சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைக்கென்றே துறை இருக்கிறது. ஆனால் ஊருக்கு ஊர் இசையாசிரியர் கிடைப்பதில்லை. கடலூரை அடுத்த குடிகாட்டுப் பிள்ளைகளுக்கும் கைப்பேசி எட்டும்.

நீங்களே செய்து பாருங்கள். "சட்டியில் என்னடா சத்தம்?" என்று ஒரு பிள்ளையை அதட்டச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மற்றவர்கள் சிரிக்கட்டும், சிரித்தால்தான் பத்து முறையும் அலுக்காமல் கேட்பார்கள்! பிறகு, வாயை மூடி அதை முனகச் சொல்லுங்கள். சொல் மறைந்து சுருதி மட்டும் நிற்கும். எந்த அசை மிக உயரம், எது தாழ்வு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அடுத்து, அசைக்கு ஒரு தட்டாகக் கைதட்டுங்கள்: சட்-டி-யில், என்-ன-டா, சத்-தம். மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. இதையே மிருதங்க வித்துவான் "தகிட தகிட தக" என்பார். ஆதி தாளத்திற்கும் எண்ணிக்கை எட்டே! "தகிட தகதிமி" என்றால் ஏழு. அதற்கேற்ற கேலி வாக்கியத்தைப் பிள்ளைகளே அமைக்கட்டும்.

ஆனால் ஒருவரது உருவத்தையோ திக்குவாயையோ கேலி செய்யும் துணுக்குகள் வேண்டாம். கேலிக்கு ஆளான பிள்ளை பிறகு வாய் திறக்காது.

வேடிக்கைத் துணுக்கு மட்டுமே இசைப் பயிற்சி ஆகிவிடாது. பேச்சின் ஏற்ற இறக்கம் சுரங்களில் சரியாக நிற்பதில்லை. ஆகவே அடுத்த படியாகச் சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு, முனகிய மெட்டைச் சட்ஜத்தோடு சேர்க்கப் பழக்க வேண்டும். அதற்குப் பொறுமையும் நல்லாசிரியரும் தேவை. ஆயினும் "எனக்கு வராது" என்ற முதல் பூட்டைத் திறக்க, பத்து முறை ஒலிக்கும் ஒரு வேடிக்கை வாக்கியம் போதும்.