நெஞ்சு வலியும் குடும்ப மருத்துவரின் இசிஜி வாசிப்பும்

நெஞ்சில் வலி என்றதும் நம்மில் பலர் முதலில் போய் நிற்பது இதய நிபுணரிடம் அல்ல. பக்கத்துத் தெருவில் கிளினிக் வைத்திருக்கும் நம் குடும்ப மருத்துவரிடம்தான். "கேஸ் பிரச்சினைதான் டாக்டர், ஒரு ஊசி போட்டு அனுப்புங்க" என்று நோயை நாமே தீர்மானித்தும் விடுகிறோம். அந்த நேரத்தில் அவர் எடுக்கும் இசிஜி தாளை எப்படிப் படிக்கிறார் என்பதில் ஓர் உயிர் அடங்கியிருக்கிறது.

இதயம் துடிக்கும்போது எழும் நுண்ணிய மின்னோட்டத்தைக் கோடுகளாக வரைந்து காட்டுவதே இசிஜி. இதன் இயங்குமுறையைக் கண்டறிந்ததற்காக நெதர்லாந்தின் வில்லெம் எய்ந்தோவன் 1924-ல் நோபல் பரிசு பெற்றார். இன்று கை, கால், மார்பு என 10 இடங்களில் இணைப்புகளைப் பொருத்தி, இதயத்தை 12 கோணங்களில் பார்க்கிறார்கள். இதயத்தின் இரத்தக்குழாய் ஒன்று முழுதாக அடைபட்டால், பெரும்பாலும் அந்தப் பகுதிக்குரிய கோடுகளில் 'எஸ்டி' எனும் பகுதி மேலெழும்பி நிற்கும். உடனே அடைப்பைக் கரைக்கும் ஊசியோ, ஆஞ்சியோபிளாஸ்டியோ தேவை. செத்த இதயத் தசை மீண்டும் உயிர் பெறாது. ஆகவேதான் நோயாளி வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்துப் படித்துவிட வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

அதைப் படிப்பது எளிதல்ல. 78 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான கட்டுரையின்படி, இசிஜி தேர்வுகளில் மருத்துவ மாணவர்கள் 42 சதவீதமும், பணியிலுள்ள மருத்துவர்கள் சுமார் 69 சதவீதமும், இதய நிபுணர்களே 75 சதவீதமும்தான் சரியாகப் படித்தார்கள். பயிற்சிக்குப் பின் திறன் கூடியது. குர்ஆனை மனனம் செய்த ஹாபிழ் தொடர்ந்து ஓதி வராவிட்டால் மறந்துபோவது போலத்தான் இதுவும். பட்டம் மட்டும் போதாது, பழக்கம் வேண்டும்.

பொறிகளும் உண்டு. மாரடைப்பின் தொடக்கத்தில் இசிஜி சாதாரணமாகவே தெரியலாம். வலி நீடித்தால் 15 முதல் 30 நிமிடத்தில் மீண்டும் எடுக்க வேண்டும். இதயத்தின் பின்புற அடைப்பு வழக்கமான 12 கோணங்களில் நேரடியாகத் தெரியாது. இயந்திரமே அச்சிட்டுத் தரும் முடிவும் தவறலாம்.

இதற்கு ஒரு வழியை நம் தமிழகமே காட்டியிருக்கிறது. சிறிய மருத்துவமனைகளை இதய சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து, இசிஜியை உடனே அனுப்பி ஆலோசனை பெறும் திட்டம் இங்கே சோதிக்கப்பட்டது. 2,420 நோயாளிகளைக் கொண்ட அதன் ஆய்வு 2017-ல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது.

மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) குறிப்பிட்டுள்ளார்கள். மருத்துவம் அறியாதவர் வைத்தியம் பார்த்துத் தீங்கு விளைந்தால் அவரே பொறுப்பாளி. அறிந்தவர் முறைப்படி செய்தும் பலன் கிட்டாவிட்டால் அவர்மீது குற்றமில்லை என்பது ஃபிக்ஹு சட்டம். எனவே, "எனக்கு இது சந்தேகமாக இருக்கிறது, நிபுணருக்கு அனுப்பிக் கேட்கிறேன்" என்று சொல்லும் மருத்துவரைக் குறைத்து மதிக்கக் கூடாது. அவர் அமானிதத்தைப் பேணுகிறார்.

நம் பங்கும் இருக்கிறது. பழைய இசிஜியைப் பத்திரப்படுத்தி உடன் கொண்டு செல்வோம். ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். நம் மருத்துவரிடம் இசிஜி வசதி உண்டா என்று இன்றே கேட்டு வைப்போம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல், வியர்வை, வாந்தி மட்டும் வரலாம் என்பதை வீட்டில் சொல்லி வைப்போம். கடும் வலி என்றால் கிளினிக்கில் காத்திருக்காமல் 108-ஐ அழைப்போம். ஷிஃபா அல்லாஹ்விடம் இருக்கிறது. நேரத்தை வீணாக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.