உங்களுக்குத் தெரியுமா? கடல் தாண்டிய காரும் கை மாறிய காரும்

‘சிங்கிள் ஓனர், இம்போர்ட்டட் வண்டி, பி.ஒய். நம்பர், விலை பேசிக்கலாம்.’ செல்போனில் இப்படி ஒரு விளம்பரம் வந்தால் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் படத்தில் தெரியும் வண்டியைவிட, அதன் பின்னால் இருக்கும் காகிதக் கட்டுக்குத்தான் கதை அதிகம். அந்தக் கட்டிலிருந்து சில துணுக்குகள்.

பெயர் மாறியும் மாறாத எழுத்து

‘பி.ஒய்.’ வரிசையில் 01 புதுச்சேரி, 02 காரைக்கால், 03 மாஹே, 04 ஏனாம், 05 உழவர்கரை. 2006 அக்டோபர் 1-ல் ‘பாண்டிச்சேரி’ அதிகாரபூர்வமாகப் ‘புதுச்சேரி’ ஆனது. நம்பர் பிளேட்டுக்கு ஒரு சேதமும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்: இரண்டு பெயருக்கும் முதலெழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றேதான்.

டீ குடிக்கப் போகிற தூரத்தில் வெளிமாநிலம்

முத்தியால்பேட்டையைத் தாண்டி வடக்கே நடந்தால் கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். முத்தியால்பேட்டைக்காரர் தன் காரைக் கோட்டக்குப்பத்து நண்பருக்கு விற்றால், ஆர்.டி.ஓ. கணக்கில் அது மாநிலம் தாண்டிய விற்பனை. படிவம் 28-ல் என்.ஓ.சி. வாங்கி, தமிழ்நாட்டுக்குச் சாலைவரி கட்டி, புது எண்ணும் பெற வேண்டும். விற்ற செய்தியைத் தெரிவிக்க, ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாள். எல்லை தாண்டினால் 45 நாள்.

சுங்கச் சுவர் இருந்த ஊர்

பிரெஞ்சிந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் 1941-ல் சுங்க ஒன்றியம் அமைத்துக்கொண்டன. சுதந்திர இந்தியா 1949-ல் அதை முடித்துக்கொண்டது. புதுச்சேரியைச் சுற்றிச் சுங்கக் காவல் வந்தது. வெளிநாட்டுச் சரக்கு உள்ளே மலிவு, வெளியே கிராக்கி; தங்கமும் வைரமும் எல்லை தாண்டிக் கடத்தப்பட்டன. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியதோடு அந்தச் சுவரும் போயிற்று.

சாம்பல் அட்டை

நாம் ஆர்.சி. புக் என்று சொல்வதற்குப் பிரான்ஸில் ‘கார்த் க்ரீஸ்’ என்று பெயர். பொருள்: சாம்பல் நிற அட்டை. 1962 ஆகஸ்ட் 16-ல் இந்தியாவுடன் புதுச்சேரியின் சட்டப்படியான இணைப்பு நடந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் எழுதிக்கொடுக்க ஆறு மாத அவகாசம் கிடைத்தது. அப்படி எழுதிக்கொடுத்த குடும்பங்களிலும், பிரெஞ்சுப் படையில் இருந்த ‘சொல்தா’ குடும்பங்களிலும் ஆர்.சி. புக், கார்த் க்ரீஸ் இரண்டையும் கையாண்டவர்கள் உண்டு. பிரான்ஸில் நான்கு வயது தாண்டிய காரை விற்கிறவர், ஆறு மாதத்துக்குள் எடுத்த தரச்சோதனைச் சான்றை வாங்குபவர் கையில் கொடுத்தாக வேண்டும்.

விலைக்கு ஒரு பத்திரிகை

பழைய கார் விலையைப் பற்றிப் பிரெஞ்சுக்காரர்கள் தகராறு செய்தால் ‘லார்குஸ்’ என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். 1927-ல் தொடங்கிய வாகனப் பத்திரிகை அது. அதன் விலைப்பட்டியல் பேச்சுவழக்கிலேயே கலந்துவிட்டது. 2019-ல் பிரெஞ்சு அரசு ‘இஸ்தோவெக்’ என்ற இலவச இணைய சேவையைத் தொடங்கியது. காரின் முந்தைய வரலாற்றை விற்பவரே அதில் எடுத்து வாங்குபவருக்குக் காட்டலாம்.

விற்கக் கூடாத வண்டி

கடற்கரைச் சாலை ஓரம் ஐரோப்பிய நம்பர் பிளேட்டோடு ஒரு வேன் நின்றால், அநேகமாக அது ‘கார்னே’ என்ற ஆவணத்தில் வந்திருக்கும். ஊர் சுற்ற வருகிறவர் சுங்கவரி கட்டாமல் வண்டியைக் கொண்டுவரலாம். ஆறு மாதத்துக்குள் திரும்ப எடுத்துச் சென்றுவிட வேண்டும். அதற்கான உத்தரவாதம்தான் அந்தக் காகிதம். ‘ஊருக்குப் போறேன், பாதி விலைக்கு எடுத்துக்குங்க’ என்று யாராவது சொன்னால், வேனை ரசித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

நீலப் பலகை

பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருக்கும் ஊர் இது. நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் ‘சி.சி.’ என்றிருந்தால் துணைத் தூதரக வண்டி, ‘சி.டி.’ என்றிருந்தால் தூதரக வண்டி. முன்னால் இருக்கும் எண், நாட்டின் குறியீடு. வரிச்சலுகையில் வந்த வண்டி என்பதால், தனியார் கைக்கு மாறும்போது சுங்கத்துறை கணக்குக் கேட்கும்.

வெளிநாட்டுக் கார் விற்ற அரசு நிறுவனம்

லைசென்ஸ் ராஜ்ஜியக் காலத்தில் நம் சாலையில் அம்பாசடரும் பியட்டும்தான். இம்பாலா வேண்டுமானால்? 1956-ல் தொடங்கிய ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் ஒரு வழி. தூதரக அதிகாரிகள் ஊர் திரும்பும்போது விட்டுச் செல்லும் கார்களை வாங்கி, ஏலத்திலும் டெண்டரிலும் விற்றது. இந்தியாவின் பழைய வெளிநாட்டுக் கார் சந்தைக்கு அரசே புரோக்கராக இருந்த காலம் அது.

மூன்று வயதுக்குள்

வெளிநாட்டில் ஓடிய காரை இந்தியாவுக்குக் கொண்டுவர விதிகள் கடுமை. தயாரித்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலப்பக்கம், ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில். இன்னும் ஐந்து ஆண்டு ஓடும் தகுதி வேண்டும். அதுவரை இங்கே சர்வீஸ் கிடைக்கும் என்ற உறுதியும் வேண்டும். இறங்கும் இடம் மும்பைத் துறைமுகம் மட்டுமே. புதுக் கார் சென்னையில் இறங்கலாம். பழைய கார் இறங்க முடியாது.

பத்து லட்சம் இருபத்திரண்டரை ஆகும்

பழைய கார் இறக்குமதிக்கு அடிப்படைச் சுங்கவரி பல ஆண்டுகள் 125 சதவீதமாக இருந்தது. 10 லட்ச ரூபாய் காருக்கு 12.5 லட்சம் வரி. அதன்மேல் கூடுதல் வரிகளும் ஜி.எஸ்.டி.யும் தனி. 2025 பட்ஜெட்டில் வரியின் பெயர்களும் பங்கீடும் மாறின, சுமை இறங்கவில்லை. ‘துபாய்ல இருந்து வந்தது, மலிவா முடிச்சுத் தர்றேன்’ என்று எவராவது சொன்னால், இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள்.

ஐம்பதைத் தாண்டினால் மரியாதை

ஐம்பது வயது கடந்த, பெரிதாக உருமாற்றப்படாத வண்டிக்கு ‘விண்டேஜ்’ தகுதி. 2021-ல் வந்த மத்திய விதிப்படி இதற்கென ‘வி.ஏ.’ எழுத்தோடு தனி எண் வரிசை உண்டு. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். காய்கறி வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான்.

இடப்பக்க ஸ்டியரிங்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 120-வது பிரிவு, இடப்பக்க ஸ்டியரிங் வண்டியை ஓட்டுவதற்குத் தடை விதிக்கிறது. விதியில் சொன்ன சைகைக் கருவி பொருத்தி, அது வேலை செய்தால் மட்டும் விலக்கு. காரணம் எளிது: லாரியை முந்தும்போது எதிரே வருவதைப் பார்க்க, பக்கத்து சீட்டுக்காரரின் கண்ணைக் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

புதுச்சேரி முகவரி, கேரள வாசம்

2017-ல் கேரளத் திரைத்துறைப் பிரபலங்கள் சிலரின் சொகுசு கார்கள் புதுச்சேரியில் பதிவான விவகாரம் பெரிதாக வெடித்தது. அப்போது கேரளத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வரி 20 சதவீதம். கோடி ரூபாய் கார் என்றால் அங்கே 20 லட்சம். இங்கே அதில் சிறு பங்கு. காட்டப்பட்ட முகவரிகள் உண்மையா என்று கேரளக் காவல்துறை விசாரணையில் இறங்கியது. ஒரு மாநிலத்து வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டத்தின் 47-வது பிரிவு.

பாதிரியாரும் நடிகரும்

வெளிநாட்டிலிருந்து வரும் காருக்குச் சுங்கவரி கட்டிய பிறகு மாநிலம் நுழைவு வரியும் கேட்கலாமா? வில்லியம் பெர்னாண்டஸ் என்ற பாதிரியாரின் பெயரால் அறியப்படும் கேரள வழக்கில், கேட்கலாம் என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடிகர் விஜய் 2012-ல் இங்கிலாந்திலிருந்து இறக்கிய ரோல்ஸ் ராய்ஸ் காரின் நுழைவு வரி வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021-ல் பேசப்பட்டது. தனி நீதிபதி சொன்ன விமர்சனங்களை 2022-ல் டிவிஷன் பெஞ்ச் நீக்கியது. இதற்கிடையே 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்து, நுழைவு வரியே கதையாகிவிட்டது.

நும்கோர்

பூட்டானின் சோங்கா மொழியில் ‘நும்கோர்’ என்றால் வாகனம். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை நடத்திய சோதனைக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். பூட்டானில் ஏலம்போன பழைய சொகுசு வண்டிகள் எல்லை தாண்டி வந்து, போலி ஆவணத்தில் இந்தியப் பதிவு பெற்றுப் பல கை மாறிவிட்டன என்பது சுங்கத்துறையின் குற்றச்சாட்டு. முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் பிடிபட்டன.

ஐந்து வருடம் கதவடைப்பு

இலங்கையில் ‘ரீகண்டிஷன்’ என்றால் ஜப்பானில் ஓடி வந்த கார். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ‘புது வாகனம்’ என்று வீட்டுக்கு வருவதில் பல இந்த வகைதான். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பிப்ரவரி 1-ல். இடைப்பட்ட காலத்தில் ஓடிய காரே வாங்கிய விலையை மிஞ்சி விற்றது. வருடம் ஏற ஏற விலையும் ஏறிய விசித்திரம்.

ஜப்பான்காரர் ஏன் விற்கிறார்?

அங்கே ‘ஷாகென்’ என்ற கட்டாயப் பரிசோதனை உண்டு. புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டில் முதல் முறை, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. செலவு அதிகம் என்பதால் நல்ல காரையே பலர் விற்றுவிடுகிறார்கள். ஏலத்தில் ஒவ்வொரு காருக்கும் மதிப்பெண் தாள் ஒட்டுவார்கள்: நாலரை என்றால் நல்ல நிலை, ‘ஆர்’ என்றால் அடிபட்டுச் சரிசெய்த வண்டி. அந்தத் தாளைத் திருத்தி ஏமாற்றுகிறவர்களும் உண்டு.

பதினேழு எழுத்து ஜாதகம்

சேஸிஸ் எண்ணில் 17 இடங்கள். ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பும் என்பதால். முதல் எழுத்து ‘ஜே’ என்றால் ஜப்பான், ‘டபிள்யூ’ என்றால் ஜெர்மனி. ‘வி.எஃப்.1’ என்றால் பிரான்ஸின் ரெனோ; ‘எம்.ஏ.எல்.’ என்றால் நம் ஊர்ப் பக்கத்து ஹூண்டாய். வெளிநாட்டில் செய்தது என்று விளம்பரம் சொல்ல, எண் ‘எம்.ஏ.’ என்று தொடங்கினால் அது இந்தியாவில் பிறந்த பிள்ளை.

விற்றும் விடாத வண்டி

படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டு, தேதியை விட்டுவிட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு நம் ஊரில் ‘ஓப்பன் டிரான்ஸ்ஃபர்’ என்று பெயர். வண்டி நாலு கை மாறும், ஆர்.சி.யில் உங்கள் பெயரே நிற்கும். விபத்து நடந்தால் இழப்பீடு கொடுக்க வேண்டியவர், பதிவேட்டில் பெயர் உள்ளவரே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கிலும் கார் பல கை மாறியிருந்தது. நேம் டிரான்ஸ்ஃபர் முடியும்வரை விற்பனை முடியவில்லை.

டீலர் என்றால் பொறுப்பு

2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி டீலர்கள் பதிவுச் சான்று பெற வேண்டும். உங்கள் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் இணையத்தில் தெரிவித்தால், விற்கும்வரை அவரே பொறுப்பு. டெஸ்ட் டிரைவ், பழுது, பெயின்ட் போன்ற வேலைகளுக்கு மட்டும் அவர் ஓட்டலாம். வரியிலும் ஒரு நுணுக்கம்: 4 லட்சத்துக்கு வாங்கி 4.60 லட்சத்துக்கு விற்றால், 18 சதவீத ஜி.எஸ்.டி. 60,000 ரூபாய் லாபத்துக்கு மட்டும், அதாவது 10,800. வீட்டுக்காரை நீங்களே விற்றால் அந்த வரி கிடையாது.

வாங்க வருபவன் பணம் கேட்டால்

‘நான் ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது’ என்று சொல்லி, அரை விலைக்குக் கார் காட்டி டோக்கன் அட்வான்ஸ் கறப்பது பழைய வித்தை. விற்பவரை ஏமாற்றுவது இன்னொரு வகை: ‘பணம் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்’ என்பார்கள். பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. போட்டுவிட்டீர்களா? யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள்.

கடைசியாக, காருக்கு முந்திய கார்

புதுச்சேரியில் ஒரு காலத்தில் துரைமாரும் பெரிய வீட்டாரும் போய்வந்த வண்டி ‘பூஸ் பூஸ்’. பிரெஞ்சில் ‘தள்ளு தள்ளு’. மாடும் இல்லை, குதிரையும் இல்லை. பின்னாலிருந்து ஆள் தள்ளுவார், உட்கார்ந்திருப்பவர் முன் சக்கரத்துக் கம்பியைப் பிடித்துத் திருப்புவார். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் ஒன்றைப் பார்க்கலாம். ஸ்டியரிங் இடமா வலமா என்ற வம்பே கிடையாது. அது நடுவில்.